பாக்தாத் ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "பெர்லின்–பாக்தாத் ரயில்" என்ற பெயரும் கூடவே வந்துவிடும். பள்ளிப் பாடத்தில் அதற்கு ஒரு வரிதான் இடம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது வருடப் பேரம் இருக்கிறது: அடுத்தவன் நாட்டில் ரயில் போட யாருக்கு உரிமை, யார் பணம் போடுவது, யார் வாசலில் நிற்பது என்ற பேரம். பலர் கேட்ட கேள்விகளையும், படிக்கும்போது எனக்கே எழுந்த கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த ரயில் உண்மையில் எங்கிருந்து எங்கே போக வேண்டியது?

பெயரில் பெர்லின் இருந்தாலும் புதிதாகக் கட்ட வேண்டிய பாதை துருக்கியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து கான்ஸ்டான்டினோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல் வரைக்கும் 1888-லேயே ரயில் வந்துவிட்டது. அங்கே கடல் நீரிணையைப் படகில் தாண்டினால் ஆசியக் கரையில் ஹைதர்பாஷா நிலையம். அங்கிருந்து கோன்யா வரை சுமார் 750 கிலோமீட்டர். இதைக் கட்டியது 'அனடோலிய ரயில்வே' என்ற கம்பெனி. கோன்யாவுக்கு அப்பால் டாரஸ் மலை, அமானஸ் மலை, அலெப்போ பக்கம், யூப்ரடீஸ் ஆறு, மோசூல், பாக்தாத் என்று சுமார் 1,600 கிலோமீட்டர் நீள்வதுதான் பாக்தாத் ரயில் பாதை. பாக்தாத்தோடு நிற்காமல் பஸ்ராவுக்கும், அங்கிருந்து பாரசீக வளைகுடாவின் ஏதாவது ஒரு துறைமுகத்துக்கும் போக வேண்டும் என்பது திட்டம். தகராறு முழுக்க அந்தக் கடைசித் துண்டைச் சுற்றித்தான் நடந்தது.

உதுமானிய சுல்தானுக்கு இந்த ரயில் எதற்கு?

துருக்கி முதல் பாக்தாத், பஸ்ரா வரை இந்த நிலம் முழுக்க அப்போது உதுமானியப் பேரரசு. அதை ஆண்ட சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதுக்கு மூன்று தேவைகள் இருந்தன. முதலாவது படை. கலவரமோ போரோ வந்தால், தூரத்து மாகாணங்களுக்குச் சிப்பாய்கள் வாரக்கணக்கில் நடந்தே போக வேண்டியிருந்தது. இரண்டாவது வரி. அதிகாரி போய்ச் சேர முடியாத ஊரில் வசூல் நடக்காது. மூன்றாவது தானியம். அனடோலியாவின் நடுப்பகுதியில் கோதுமை விளைந்தது. ஆனால் அதைக் கழுதை, ஒட்டகம் மேல் ஏற்றித் தலைநகருக்குக் கொண்டுவரும் செலவு கோதுமையின் விலையைத் தாண்டிவிடும். தலைநகர் கப்பலில் வந்த வெளிநாட்டு மாவைத் தின்றது. 1892 கடைசியில் ரயில் அங்காராவைத் தொட்ட பிறகுதான் உள்நாட்டுக் கோதுமை மூட்டை மூட்டையாகத் தலைநகருக்கு வர ஆரம்பித்தது.

ஆகவே ரயில் வேண்டும் என்று நினைத்தது ஐரோப்பியர்கள் மட்டுமில்லை. சுல்தானுக்கும் அது கட்டாயத் தேவை. இதை மறந்துவிட்டுப் பேசினால், யாரோ வந்து தலையில் கட்டிவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் அவரே கட்டியிருக்கலாமே?

பணம் இல்லை. 1875-ல் உதுமானிய அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கையை விரித்தது. 1881-ல் கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகள் சேர்ந்து 'உதுமானியப் பொதுக்கடன் நிர்வாகம்' என்று ஒன்றை அமைத்தார்கள். உப்பு, புகையிலை, சாராயம், முத்திரைத்தாள், மீன், பட்டு ஆகியவற்றின் வருமானம் நேரே அவர்கள் கைக்குப் போனது. ஒரு நாட்டின் வரியை வெளிநாட்டுக் கடன்காரர்கள் தங்கள் சொந்த ஊழியர்களை வைத்து வசூலித்தார்கள். கஜானாவுக்குள் இன்னொரு கஜானா. அந்த நிலையில் இருக்கும் அரசை நம்பிக் கடன் கொடுக்க யாரும் வரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியிடம் உரிமம் கொடுத்துக் கட்டவைப்பது ஒன்றுதான் வழி.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜாஸ் ரயில் பாதை. 1900-ல் தொடங்கி 1908-ல் மதீனாவை எட்டிய, சுமார் 1,300 கிலோமீட்டர் பாதை அது. உலகெங்கும் உள்ள முஸ்லிம்களின் நன்கொடை அதற்கு வந்தது. இந்தியாவிலிருந்தும், குறிப்பாக ஹைதராபாத் பக்கத்திலிருந்தும் வந்தது. ஹஜ் பயணிகளுக்கான ரயில் என்பதால் மக்கள் கொடுத்தார்கள். பாக்தாத் ரயிலுக்கு யார் நன்கொடை கொடுப்பார்கள்?

ஏன் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார்?

சுல்தானின் இடத்தில் நின்று பாருங்கள். 1877–78-ல் ரஷ்யா அவரோடு போர் நடத்தி நிலத்தைப் பிடித்தது. 1878-ல் சைப்ரஸும் 1882-ல் எகிப்தும் பிரிட்டன் கையில் போயின. 1881-ல் பிரான்ஸ் துனிசியாவை எடுத்துக்கொண்டது. ஜெர்மனி ஒன்றுதான் அவர் நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்காத பெரிய நாடு. படைக்குப் பயிற்சி கொடுக்க 1883-லேயே ஃபான் டெர் கோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரி வந்துவிட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்ப வருவார்.

1888-ல் டாய்ச்சே பேங்க் தலைமையில் ஒரு ஜெர்மன் குழுவுக்கு அங்காரா வரை ரயில் போடும் உரிமம் கிடைத்தது. வங்கியின் தலைவர் கேயார்க் சீமென்ஸ் முதலில் தயங்கித்தான் இறங்கினார். ஜெர்மன் பேரரசர், கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் 1889-லும் 1898-லும் நேரில் வந்தார். இரண்டாவது பயணத்தில் டமாஸ்கஸில், உலகின் 30 கோடி முஸ்லிம்களுக்குத் தான் என்றென்றும் நண்பன் என்று அறிவித்தார். அந்தப் பேச்சு லண்டனில் எப்படிக் கேட்டிருக்கும்? அந்த 30 கோடியில் பல கோடிப் பேர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள். 1899 நவம்பரில் கோன்யாவிலிருந்து வளைகுடா வரைக்குமான முதல்கட்ட உரிமம் ஜெர்மன் குழுவுக்குக் கிடைத்தது. இறுதி ஒப்பந்தம் 1903 மார்ச் 5-ல் கையெழுத்தானது. காலம் 99 வருடம்.

'கிலோமீட்டர் உத்தரவாதம்' என்று படிக்கிறோமே, அது என்ன?

இந்தக் கதையில் நான் எல்லோரும் நின்று படிக்க வேண்டும் என்று நினைக்கும் இடம் இதுதான். தூதர்களின் பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை.

பாலைவனத்திலும் மலையிலும் ரயில் போட்டால் உடனே லாபம் வராது. ஆகவே கம்பெனி என்ன கேட்டது என்றால், "ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வருடத்துக்கு இவ்வளவு வருமானம் என்று நீங்கள் உறுதி கொடுங்கள். குறைந்தால் குறைந்த தொகையை நீங்கள் கட்டுங்கள்." அங்காரா பாதைக்கு அந்தத் தொகை கிலோமீட்டருக்கு 15,000 ஃபிராங்க். ஒரு வருடம் கிலோமீட்டருக்கு 9,000 ஃபிராங்க்தான் வந்தது என்று வையுங்கள். மீதி 6,000-ஐ அரசு கொடுக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்கு அது 6 லட்சம்.

பாக்தாத் பாதைக்கு 1903-ல் கொஞ்சம் மாற்றினார்கள். கட்டுமானச் செலவுக்குக் கிலோமீட்டருக்கு வருடம் 11,000 ஃபிராங்க், ஓட்டும் செலவுக்கு 4,500 ஃபிராங்க். முதல் தொகையைப் பிணையாக வைத்து அரசு கடன் பத்திரம் வெளியிட்டு அதைக் கம்பெனியிடம் கொடுக்கும்; கம்பெனி அதை ஐரோப்பியச் சந்தையில் விற்றுப் பணமாக்கிக்கொள்ளும். அதாவது, கம்பெனி தன் மடியிலிருந்து போட்டது மிகக் குறைவு. சமவெளியான முதல் 200 கிலோமீட்டரில் பத்திரம் விற்ற பணம் செலவைவிட அதிகமாகவே வந்தது.

சரி, அரசுக்கு அந்தப் பணம் எங்கிருந்து? விவசாயி களத்தில் அடித்த தானியத்தில் பத்தில் ஒரு பங்கு வரி இருந்தது, 'உஷுர்' என்பார்கள். கோன்யா, அலெப்போ, உர்ஃபா பகுதிகளின் தானிய வரியை இந்த உத்தரவாதத்துக்கு ஒதுக்கினார்கள். பின்னால் ஆட்டு வரியும் அடமானத்தில் சேர்ந்தது. வசூலைப் பார்த்துக்கொண்டது மேலே சொன்ன பொதுக்கடன் நிர்வாகம்தான். ரயில் தன் ஊர்ப் பக்கமே வராத ஒரு உர்ஃபா குடியானவனின் களத்து மூட்டை, பெர்லினில் பத்திரம் வாங்கியவருக்கு வட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

இது நமக்குப் புதிய ஏற்பாடு இல்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய மெட்ராஸ் ரயில்வே உட்பட, பிரிட்டிஷ் கம்பெனிகள் இந்தியாவில் போட்ட தொடக்க காலப் பாதைகள் இதேபோன்ற உத்தரவாதத்தில் வந்தவைதான். முதலீட்டுக்கு ஏறத்தாழ 5 சதவீத வட்டி உறுதி. பாதை சம்பாதிக்காவிட்டால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடு. இங்கே தாதாபாய் நவ்ரோஜி காலத்துத் தலைவர்கள் எழுப்பிய அதே புகாரை அங்கே 1908-க்குப் பிறகு வந்த உதுமானிய நாடாளுமன்ற உறுப்பினர்களும் எழுப்பினார்கள்.

முதல் பகுதி ஏன் ஒரு சின்னக் கிராமத்தில் போய் நின்றது?

ஒப்பந்தம் 200 கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்து எழுதப்பட்டது. கோன்யாவிலிருந்து 200-வது கிலோமீட்டரில் புல்குர்லு என்ற குக்கிராமம். 1904 அக்டோபர் 25-ல் பாதை அங்கே திறந்தது, அங்கேயே நின்றது. எதிரே டாரஸ் மலை. அடுத்த துண்டுக்கு மலையைக் குடைய வேண்டும். அதற்கு வேண்டிய பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. 840 கிலோமீட்டர் நீட்டிப்புக்கு ஒப்பந்தம் வந்தது 1908 ஜூன் மாதத்தில்தான். அடுத்த மாதமே, சுல்தானின் அதிகாரத்தைக் குறைத்து நாடாளுமன்றத்தைக் கொண்டுவந்த இளந்துருக்கியர் புரட்சி, மறுபடி தாமதம்.

ரஷ்யாவுக்கு என்ன எதிர்ப்பு?

அங்காராவிலிருந்து நேரே கிழக்கே சிவாஸ் வழியாகப் பாதை போயிருக்கலாம். போனால் ரஷ்யாவின் காகசஸ் எல்லைக்குப் பக்கத்தில் உதுமானியப் படை ரயிலில் வந்து இறங்கும். ரஷ்யா அதைச் சம்மதிக்கவில்லை. அதனால்தான் பாதை தெற்கே கோன்யா பக்கம் திரும்பியது. 1900-ல் இன்னொரு உறுதிமொழியையும் வாங்கிக்கொண்டார்கள்: கருங்கடல் ஓரத்து வடகிழக்குப் பகுதியில் சுல்தானே கட்டினால் சரி, இல்லையென்றால் ரஷ்யர்கள் மட்டுமே கட்டலாம்.

பாரசீகத்தில் அவர்கள் செய்தது இன்னும் ஒருபடி மேலே. 1890-ல் பாரசீக மன்னரிடம், பத்து வருடத்துக்கு நாட்டில் யாரும் ரயிலே போடக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 1900-ல் அதை இன்னும் பத்து வருடம் நீட்டித்தார்கள். ரயில் போடும் போட்டி என்று சொல்கிறோம். ரயில் வராமல் தடுப்பதும் அந்தப் போட்டியில் பாதி. இருபது வருடம் ஒரு நாடு முழுக்கப் புதுத் தண்டவாளம் இல்லாமல் கிடந்ததற்கு ஒரு பக்கத்துக் காகிதம் போதுமாக இருந்தது.

பிரிட்டன் ஏன் பயந்தது? குவைத் இதில் எப்படி வந்தது?

இந்தியாதான் காரணம். வளைகுடாவைப் பிரிட்டன் தன் இந்திய ஆட்சியின் முன்வாசலாக வைத்திருந்தது. வளைகுடாத் துறைமுகங்களில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்திய அரசின் கீழ் வேலை பார்த்தவர்கள். ஒரு ஐரோப்பிய வல்லரசின் ரயில் வளைகுடாவைத் தொட்டால், ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு சூயஸ் கால்வாயைவிடக் குறுக்கான ஒரு வழி பிறக்கும். அந்த வழியின் சாவி வேறு யாரிடமோ இருக்கும்.

அப்போது பெரிய துறைமுகம் அமையத் தோதான இடம் குவைத். அதை ஆண்டவர் ஷேக் முபாரக். 1896-ல் தன் இரண்டு சகோதரர்களைக் கொன்று ஆட்சிக்கு வந்தவர். பெயரளவில் சுல்தானுக்குக் கீழ்ப்பட்டவர். மனதுக்குள் சுல்தானிடமிருந்து தப்ப வழி தேடியவர். 1898-ல் கப்னிஸ்ட் என்ற ரஷ்யப் பிரபு, மத்தியதரைக் கடலிலிருந்து குவைத் வரை ரயில் போடுகிறேன் என்று ஒரு திட்டத்தோடு வந்தார். லண்டனும் கல்கத்தாவும் விழித்துக்கொண்டன. புதிதாக வைஸ்ராயாகி வந்திருந்தவர் கர்சன். 1899 ஜனவரி 23-ல் பாரசீகக் கரையில் உள்ள பூஷயரில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி மீட், முபாரக்கிடம் ரகசியமாக ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். பிரிட்டன் சம்மதம் இல்லாமல் எந்த வெளிநாட்டுப் பிரதிநிதியையும் ஏற்பதில்லை, ஒரு துண்டு நிலத்தையும் விற்பதோ குத்தகைக்கு விடுவதோ இல்லை என்பது ஷேக்கின் வாக்கு. இதற்கு அவருக்குக் கிடைத்தது 15,000 ரூபாய்.

பவுண்டு இல்லை, ரூபாய். வளைகுடாவில் ஓடியது நம்முடைய நாணயம்தான். ஒரு ஜெர்மன் ரயிலை ஒரு துறைமுகத்தை எட்டவிடாமல் செய்ய ஆன செலவு அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து, 1900 ஜனவரியில், ஜெர்மன் துணைத்தூதர் ஷ்டெம்ரிஷ் தலைமையில் பாதைக்கு இடம் பார்க்கும் குழு நிலவழியாகக் குவைத் வந்து சேர்ந்தது. கடைசி நிலையத்துக்கு, குவைத் விரிகுடாக் கரையில் உள்ள காஸிமாவில் இடம் கேட்டார்கள். முபாரக் மறுத்துவிட்டார். அவர் கையைக் கட்டியிருந்த காகிதத்தைப் பற்றி வந்தவர்களுக்குத் தெரியாது.

பிரிட்டனும் சேர்ந்தே கட்டலாம் என்ற யோசனை வரவில்லையா?

வந்தது, கைக்கு எட்டியும் விட்டது. டாய்ச்சே பேங்கிடம் அவ்வளவு பெரிய வேலைக்கான முதல் இல்லை. ஆகவே பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலீட்டாளர்களையும் பங்காளிகளாக அழைத்தார்கள். 1903 தொடக்கத்தில் பிரதமர் பால்ஃபரும் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுனும் சம்மதிக்கும் மனநிலையில் இருந்தார்கள். எப்படியும் கட்டப்படும், உள்ளே இருந்தால் கட்டுப்படுத்தலாம் என்பது லான்ஸ்டவுனின் கணக்கு. என் பார்வையில் அது சரியான கணக்கு. ஆனால் லண்டன் பத்திரிகைகள் ஜெர்மனிக்கு எதிராக ஒரே குரலில் கூச்சல் போட்டன. ஏப்ரல் 23-ல் பால்ஃபர் நாடாளுமன்றத்தில் பின்வாங்குவதாக அறிவித்தார். இரண்டு வாரத்துக்குள், மே 5-ல், வளைகுடாவில் வேறு எந்த வல்லரசு கடற்படைத் தளம் அமைத்தாலும் முழுப் பலத்தோடு எதிர்ப்போம் என்று லான்ஸ்டவுன் பிரபுக்கள் சபையில் சொல்ல வேண்டிவந்தது.

பிரான்ஸிலும் கிட்டத்தட்ட இதே கதை. பிரெஞ்சு வங்கிகளுக்கு ஆசை. வெளியுறவு அமைச்சர் டெல்காசேவுக்கு விருப்பமில்லை. பாரிஸ் பங்குச் சந்தையில் பாக்தாத் ரயில் பத்திரங்களை விற்கக்கூடாது என்று பிரெஞ்சு அரசு தடுத்துவிட்டது.

வெளியே நின்றபடி பிரிட்டன் எப்படித் தடுத்தது?

சுங்கவரியால். உதுமானிய அரசு தன் சொந்தத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு வரியை உயர்த்த வேண்டுமானால் வல்லரசுகள் எல்லாம் சம்மதிக்க வேண்டும் என்பது பழைய ஒப்பந்தங்களின் நிபந்தனை. வரி 8 சதவீதம். உயர்த்தினால் ரயில் உத்தரவாதத்துக்குப் பணம் கிடைக்கும். அதனால் பிரிட்டன் வருடக்கணக்கில் தலையாட்டவில்லை. 1907-ல் 11 சதவீதத்துக்குச் சம்மதித்தபோதுகூட, கூடுதல் பணத்தின் பெரும்பங்கு அப்போது உதுமானிய ஆட்சியில் இருந்த மாசிடோனியாவின் செலவுக்குப் போக வேண்டும் என்று கட்டிவைத்தது.

எண்ணெய்க்காகத்தான் இவ்வளவும் என்கிறார்களே?

பின்னால் அது முக்கியமானது உண்மை. பாதையின் இரண்டு பக்கமும் 20 கிலோமீட்டர் வரை கனிமம் எடுக்கும் உரிமை 1903 ஒப்பந்தத்தில் இருந்தது. 1914 மார்ச்சில் 'துருக்கியப் பெட்ரோலிய கம்பெனி' பங்கு பிரிக்கப்பட்டபோது டாய்ச்சே பேங்குக்குக் கால் பங்கு கிடைத்தது. போருக்குப் பிறகு அது பிரான்ஸ் கைக்குப் போனது. ஆனால் கிர்குக்கில் எண்ணெய் பீறிட்டது 1927-ல். 1899-ல் குவைத்தில் கையெழுத்து வாங்கியவர்கள் மனதில் இருந்தது இந்தியாவுக்குப் போகும் வழி. எண்ணெயைப் பின்னோக்கிப் போட்டுப் பார்ப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

முதல் உலகப் போருக்கு இந்த ரயில்தான் காரணமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழில் எழுதப்படும் பல கட்டுரைகளில் இது காரணங்களின் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கிறது.

நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். 1907 நவம்பரில் கெய்சர் விண்ட்சர் அரண்மனைக்கு வந்தபோது, என்ன வேண்டும் என்று பிரிட்டிஷ் அமைச்சர் ஹால்டேனிடம் கேட்டார். "ஒரு வாசல் கதவு" என்றார் அவர். இந்தியாவைக் காக்க, வளைகுடாப் பகுதி எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று பொருள். 1910 நவம்பரில் ரஷ்யப் பேரரசர் ஜார் நிக்கோலஸ் போட்ஸ்டாமில் கெய்சரைச் சந்தித்தார். அதன் விளைவாக 1911 ஆகஸ்ட் 19 ஒப்பந்தத்தில் ரஷ்யா எதிர்ப்பைக் கைவிட்டது. பதிலுக்கு வடக்குப் பாரசீகம் ரஷ்யாவின் செல்வாக்குப் பகுதி என்று ஜெர்மனி ஏற்றது. அதே 1911 மார்ச்சில் பாக்தாத்துக்குக் கீழே உள்ள பகுதியின் உரிமையை ஜெர்மன் கம்பெனியே விட்டுக்கொடுத்திருந்தது. 1914 பிப்ரவரி 15-ல் பிரான்ஸுடன் உடன்பாடு: சிரியாவிலும் வடக்கு அனடோலியாவிலும் பிரெஞ்சுப் பாதைகள், பாக்தாத் வழியில் ஜெர்மன் பாதை. கடைசியாக 1914 ஜூன் 15-ல், லண்டனில், பிரிட்டனும் ஜெர்மனியும் ஒப்பந்த நகலில் முதலெழுத்துப் போட்டன. பாதை பஸ்ராவோடு நிற்கும், பிரிட்டன் சம்மதம் இல்லாமல் வளைகுடாவுக்கு நீளாது, நிர்வாகக் குழுவில் இரண்டு பிரிட்டிஷ் இயக்குநர்கள் இருப்பார்கள்.

பதின்மூன்றே நாளில் சரயேவோவில், போரை மூட்டிய அந்தத் துப்பாக்கி வெடித்தது.

முப்பது வருடச் சண்டையில் கிட்டத்தட்ட எல்லாமே பேசித் தீர்க்கப்பட்டிருந்த வேளை அது. தீர்த்தவர்கள் யார், எதைப் பங்குபோட்டார்கள் என்பது வேறு கேள்வி. வடக்குப் பாரசீகத்தை ரஷ்யாவுக்கு எழுதிக்கொடுத்த காகிதத்தில் பாரசீகரின் கையெழுத்து இல்லை.

பாதையைக் கட்டியது யார்?

பெரும்பாலான நூல்களில் பொறியாளர் மைஸ்னர் பாஷா, ஃபிலிப் ஹோல்ஸ்மன் கம்பெனி, ஹைதர்பாஷா நிலையத்தை வடிவமைத்த ஒட்டோ ரிட்டர், ஹெல்முத் கூனோ என்று பெயர்கள் வரும். கடலோரச் சேற்றில் 1,100 மரத்தூண்களை அடித்து அதன்மேல் எழுப்பிய அந்த நிலையம் 1909-ல் திறந்தது. டாரஸ் மலையில் ஹஜ்கிரி அருகே வர்தா பாலம் 98 மீட்டர் உயரம். அமானஸ் மலையைத் துளைத்த பஹ்சே சுரங்கப்பாதை கிட்டத்தட்ட 4,900 மீட்டர்.

மலையைக் குடைந்த கைகள் வேறு. போர் தொடங்கும்போது இரண்டு மலைகளும் இன்னும் முழுதாகக் குடையப்படாமல் இருந்தன. 1915-ல் ஆர்மேனியர்களை அரசு வீடுகளிலிருந்து கிளப்பிப் பாலைவனத்துக்கு விரட்டியபோது, இந்த ரயில் பாதையே அவர்களை ஏற்றிப்போன வழியாக இருந்தது. பலரிடம் டிக்கெட்டுக்குக் காசும் வாங்கினார்கள். அனடோலிய ரயில்வேயின் இயக்குநர் ஃபிரான்ஸ் குந்தர் 1915 அக்டோபரில் பெர்லினில் உள்ள வங்கித் தலைமைக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். ஆடுகளை ஏற்றும் பெட்டிகள். பத்துப் பெட்டிகளில் 880 மனிதர்கள். துருக்கியில் நாகரிகத்தைத் தாங்கிப் பிடிக்கும் நம் ரயில்வே இதுதான் என்று மனம் கசந்து கூடவே எழுதினார். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்தப் பாதையை வெறும் வரைபடக் கோடாகப் பார்ப்பது கஷ்டம்.

அமானஸ் சுரங்க வேலையில் ஆயிரக்கணக்கான ஆர்மேனியர்கள் இருந்தார்கள். வேலை இருக்கும்வரை உயிர் இருக்கும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தோடு ஒளிந்தவர்கள் அவர்கள். பொறியாளர்கள் சிலர் அவர்களைக் காக்கப் பார்த்தார்கள். 1916 கோடையில் அவர்களையும் கிளப்பிக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் போன இடத்துக்கு வந்தவர்கள் போர்க்கைதிகள்.

இந்தியர்களும் இருந்தார்கள் என்பது உண்மையா?

ஆம். 1915 டிசம்பரில் தொடங்கி பாக்தாத்துக்குத் தெற்கே கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் சிக்கியது. முற்றுகையிட்ட தரப்பின் தளபதி, மேலே சொன்ன அதே ஃபான் டெர் கோல்ட்ஸ்; சரணடைவுக்குப் பத்து நாள் முன் அவர் நோயில் இறந்தார். 1916 ஏப்ரல் 29-ல் சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அதில் பெரும்பான்மை இந்தியச் சிப்பாய்களும், படையோடு வந்த சமையல், சுமை தூக்கும் ஆட்களும்.

பசியில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களைப் பாக்தாத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து சமாரா வரை ரயில். 1914-ல் ஜெர்மானியர்கள் கட்டி முடித்திருந்த துண்டுப் பாதை அது. சமாராவில் தண்டவாளம் முடிந்தது. அங்கிருந்து தீக்ரித், மோசூல், நுசைபின் வழியாகக் கோடை வெயிலில் பல நூறு கிலோமீட்டர் நடை. அடுத்த தண்டவாளம் ராஸ் அல்-அய்னில். இடையில் இருந்த வெற்றிடத்தில் செத்தவர்களுக்குக் கணக்கு சரியாக இல்லை. பிழைத்துப் போய்ச் சேர்ந்த இந்தியர்களை ராஸ் அல்-அய்னில் அதே பாதையை நீட்டும் வேலையில் போட்டார்கள். பிரிட்டிஷ் கைதிகளை அமானஸ் சுரங்கப் பக்கம் அனுப்பினார்கள்.

இந்தியாவின் பாதுகாப்புக்காக இந்த ரயிலைத் தடுக்க வேண்டும் என்று லண்டன் பதினைந்து வருடம் பேசியது. கடைசியில் அதற்கு மண் வெட்டியவர்களில் மராட்டிய, பஞ்சாபிக் கிராமத்துப் பையன்கள் இருந்தார்கள்.

பாதை எப்போது முடிந்தது?

டாரஸ் சுரங்கங்கள் வழியாக முழு அகல ரயில் ஓடத் தொடங்கியது 1918 அக்டோபரில். அந்த மாதம் 30-ம் தேதி உதுமானியப் பேரரசு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. மோசூல் பக்கத்தில் மிச்சமிருந்த இடைவெளி மூடி, இஸ்தான்புல்லிலிருந்து பாக்தாத்துக்கு வண்டி மாறாமல் போக முடிந்தது 1940 ஜூலையில்.

பாக்தாத்–பஸ்ரா பாதையைப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவமே போடத் தொடங்கியது. தண்டவாளம், எஞ்சின், பெட்டி, ஆட்கள் எல்லாம் பெருமளவு இந்தியாவிலிருந்து கப்பலேறின. அதனால் அது மீட்டர் கேஜ்! நம் ஊரில் விழுப்புரம், மதுரைப் பக்கம் ஓடிய அதே அகலம். வடக்கிலிருந்து வரும் சரக்கைப் பாக்தாத்தில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். 1960-கள் வரை அந்தத் தொல்லை இருந்தது.

இப்போது அந்த ரயிலில் போக முடியுமா?

முழுதாக முடியாது. துருக்கிக்குள், அதானா போகும் வண்டியில் டாரஸ் சுரங்கங்களையும் வர்தா பாலத்தையும் கடக்கலாம். அதற்குக் கிழக்கே போகும்போது பாதை வேறு வேலை பார்க்கிறது. 1921-ல் சிரியாவைப் பிடித்திருந்த பிரான்ஸும் அங்காராவில் அமைந்த புதிய துருக்கி அரசும் துருக்கி–சிரியா எல்லையை எங்கே போடுவது என்று பேசியபோது, சோபன்பேயிலிருந்து நுசைபின் வரை இந்தத் தண்டவாளத்தையே எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டார்கள். தண்டவாளம் துருக்கிப் பக்கம். தெற்கே உள்ள நிலம் சிரியா. நுசைபினில் இருந்தவரின் அத்தை வீடு மறுநாள் வெளிநாடு ஆனது. 1950-களில் அந்த ஓரத்தில் கண்ணிவெடி புதைத்தார்கள். ஆடு மேய்க்கப் போனவர்களும், இரவில் சொந்தக்காரரைப் பார்க்கவோ தேயிலை கடத்தவோ போனவர்களும் கால் இழந்தார்கள், உயிர் இழந்தார்கள்.

அங்குள்ள குர்துகள் சிரியாவைச் சிரியா என்று சொல்வதில்லை. வடபக்கம் 'செர்ஹெத்', தென்பக்கம் 'பின்ஹெத்' என்பார்கள். கோட்டுக்கு மேல், கோட்டுக்குக் கீழ் என்று பொருள். அந்தக் கோடு, தண்டவாளம்.